காலியாக ஓடிய கிரைண்டர்

அவளைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆம்புலன்ஸின் பின்கண்ணாடி வழியாகத்தான், தம்பி. கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே வெள்ளை உடுப்புப் போட்ட ஆள் ஒருவர், அடுத்த தெருவில் ஏற்றிய பெரியவர் ஒருவர், நடுவில் இவள். மாஸ்க் போட்டிருந்தாள். வண்டி நகர்ந்ததும் தலையை ஆட்டினாள். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப, இடது பக்கமாக வெட்டி வெட்டி ஆட்டினாள். தோளும் சேர்ந்து குலுங்கியது. உங்களை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள், எனக்குப் புரிந்துவிட்டது. நானும் கையைத் தூக்கி, பயப்படாதே வந்துவிடுகிறேன் என்று காட்டினேன். வண்டி தெருமுக்குத் திரும்பும்வரை அவள் ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் பிரியமாக ஒரு வார்த்தை வாயால் சொன்னவள் இல்லை. அந்தத் தலையாட்டல் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டுதான் இந்த ஐந்து வருஷத்தை ஓட்டினேன். இப்போது என் மகள் அதையும் பிடுங்கிவிட்டாள்.

நீங்களும் கோயம்புத்தூர் வரைதானே? நல்லது. நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்தேன். ஓடுகிற மிஷினுக்கு நடுவில் பேசினால் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. கையாலும் உதட்டாலும்தான் பேச்சு. அதனால் பேசாமலே பழகிவிட்டது. பள்ளிக்கூடப் படிப்பு எட்டாம் வகுப்பு. மீதியெல்லாம் தொழிலாளர் வாசகசாலையில் நானாகப் படித்துக்கொண்டது. விஷயம் தெரியாத ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

என் மகள் செண்பகவல்லி கோயம்புத்தூரில் தபால் ஆபீஸில் இருக்கிறாள். வீட்டைக் காலி பண்ணிவிட்டு வாருங்கள் என்று சொன்னவளே அவள்தான். காலி பண்ணினேன். மேலே பச்சை டிரங்குப் பெட்டி இருக்கிறதே, அதுவும் பக்கத்தில் இருக்கிற சாக்கும்தான் இப்போது நான். எல்லாம் கட்டப்போகிற நேரத்தில், போன வியாழக்கிழமை போன் பண்ணுகிறாள். எங்கள் வீட்டில் வேண்டாமப்பா, இரண்டு தெரு தள்ளி ஒரு ரூம் பார்த்திருக்கிறேன், சாப்பாடு நானே கொண்டுவருகிறேன் என்கிறாள். பெற்ற அப்பனைத் தனி ரூமில் வைப்பாளாம். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நேராக அவள் வீட்டு வாசலில் போய்ப் பெட்டியை இறக்கப்போகிறேன். வாசலில் நிற்கிற அப்பனை வெளியே போ என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

காரணம் என்ன தெரியுமா? பேத்தி. நிரஞ்சனாவுக்கு ஒன்பது வயது. இரண்டு வருஷமாகக் கண்ணை ஓயாமல் சிமிட்டுகிறாள். கழுத்தை வெட்டுகிறாள். தொண்டையில் ஒரு சத்தம் வேறு. டாக்டரிடம் காட்டினார்கள். டூரெட் என்று ஒரு பேர் சொன்னாராம். பேயும் இல்லை, காற்றுக் கருப்பும் இல்லை, பிள்ளை வேண்டுமென்று செய்வதும் இல்லையாம். நரம்பு சம்பந்தப்பட்டதாம். தும்மல் வருகிற மாதிரி உள்ளே ஒரு நமைச்சல் எடுக்குமாம், அந்த அசைவைச் செய்தால்தான் தீருமாம். கொஞ்ச நேரம் அடக்கலாமாம். பள்ளிக்கூடத்தில் நாள் பூராவும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை, வீட்டுக்குள் வந்து பையை இறக்கியதும் மொத்தமும் வெளியே கொட்டுமாம். திட்டக்கூடாது, உற்றுப் பார்க்கக்கூடாது, ‘இன்றைக்குப் பரவாயில்லையே’ என்றுகூடச் சொல்லக்கூடாதாம்.

‘அவளுக்குன்னு இருக்கிறது இந்த ஒரு வீடுதான்பா’ என்றாள் மகள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, தம்பி. ஏன் என்றால் இது எனக்குப் புதிதில்லை. இதைக் குணப்படுத்தினவன் நான். ஒரே நாளில்.

என் வீட்டுக்காரி பேர் சீனித்தாய். சாத்தூர்ப் பக்கம். எண்பத்து நான்கில் பெண் பார்க்கப் போனபோது பத்து நிமிஷம் நிலைப்படியில் நின்றாள். அப்படியே சிலை மாதிரி, கண்ணிமைகூட ஆடவில்லை. எனக்கு அது பிடித்துப்போயிற்று. அடக்கமான பெண் என்று நினைத்தேன். கல்யாணமான முதல் வாரமே தெரிந்துவிட்டது. கண் சிமிட்டும். கழுத்து இடது பக்கம் ஒரு வெட்டு வெட்டும். வலது முழங்கை பின்னால் ஒரு இழுப்பு இழுக்கும். தொண்டையில் ‘ங்க்’ என்று ஒரு சத்தம், கூண்டுப் பறவை மாதிரி. மாமியாரிடம் கேட்டேன். ஏழு வயதில் இருந்து இருக்கிறது, இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டியிருக்கிறோம், சரியாகிவிடும் மாப்பிள்ளை என்று சேலைத் தலைப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் ஒன்றும் சண்டை போடவில்லை. போடுகிற ஆளும் இல்லை.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னோடு வேலை பார்த்த மூன்று பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். கறிக்குழம்பு. இவள் பரிமாறிக்கொண்டிருக்கிறாள். கழுத்து வெட்டியது, முழங்கை இழுத்தது, குழம்பு இலைக்கு வெளியே தெறித்தது. சுப்பையா என்று ஒருவன், வாய்த்துடுக்குக்காரன், ‘என்ன மதினி, மிஷின் பெல்ட்டு நழுவுதா’ என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் என்ன செய்தேன், விளையாட்டுக்குத்தான், கரண்டியை அவள் கையில் இருந்து வாங்கினேன். அவளை மாதிரியே கழுத்தை வெட்டி, முழங்கையை இழுத்து, ‘ங்க்’ என்று சொல்லிக்கொண்டே அவன் இலையில் குழம்பை ஊற்றினேன். அச்சாக அப்படியே இருந்தது என்று மில்லில் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுப்பையாவுக்குப் புரையேறி மூக்கு வழியாகச் சோறு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். நம்புங்கள் தம்பி, அவளும் சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அன்றோடு நின்றது.

திட்டவில்லை, அடிக்கவில்லை, ஒரு வைத்தியனிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை செய்து காட்டினேன். மறுநாளில் இருந்து என் கண் முன்னால் அது வந்ததே இல்லை. முப்பத்தாறு வருஷம். வறட்டு இருமல் மட்டும் உண்டு. சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிபண்ணுகிற பழக்கமும் உண்டு. அது எல்லாப் பொம்பிளைகளும் செய்வதுதானே. இருமலுக்கு நான் வாங்கிக்கொடுத்த பாட்டில்களை அடுக்கினால் இந்த பஸ் நிறையும்.

மற்றபடி குறை சொல்ல முடியாத மனுஷி. மில்லில் நைட் ஷிஃப்ட் என்றால் எல்லார் வீட்டிலும் முணுமுணுப்பு. இவள் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. ‘போயிட்டு வாங்க, நான் இருந்துக்கிறேன்’ என்பாள். சங்கு ஊதிப் பதினைந்தாவது நிமிஷம் நான் வீட்டில் இருப்பேன். காப்பி தயாராக இருக்கும். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாசற்படியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். என் சைக்கிள் முக்குத் திரும்பும்போதே ‘அம்மா, அப்பா வந்தாச்சு’ என்று உள்ளே பார்த்துக் கத்துவாள். ஒரு நாள் தவறாது. அப்பன் மேல் அப்படி ஒரு பாசம் என்று மில் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு சண்டைதான் எங்களுக்குள். கிரைண்டர்.

தொண்ணூறில் வாங்கினேன். அடுப்படிக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. சாமான் போட்டுவைக்கிற இடம். அங்கே வைத்தோம். தினமும் ஆட்டுவாள். மூன்று பேர் இருக்கிற வீட்டில் தினமும் என்ன மாவு? தெருவுக்கெல்லாம் கொடுப்பாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டுதான் ஆட்டுவாள். கேட்டால், சத்தம் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு என்பாள். கரண்ட் போனால் ஊரே மின்விசிறி இல்லையே என்று வருத்தப்படும், இவளுக்குக் கிரைண்டர் ஓடவில்லையே என்றுதான் கோபம். ஒரு காலத்தில் தினமும் எத்தனை மணி நேரம் கரண்ட் போகும், ஞாபகம் இருக்கிறதா? அந்த வருஷங்களில் அவளிடம் யாரும் பேச முடியாது.

இட்டிலியில் கல் நறநறக்கும். கல் என்றால் பொடிக் கல், பல்லில் மாட்டும். கிரைண்டருக்குக் கல் கொத்துகிறவர் வந்து பார்த்துவிட்டு, ‘மாவு இல்லாம ஓட்டாதீங்கக்கா, கல்லைக் கல்லு தின்னுது’ என்றார். அன்றைக்குத்தான் நான் சத்தம் போட்டேன். அரிசி போட்டோமா இல்லையா என்றுகூடத் தெரியாமல் ஒரு பொம்பிளை ஸ்விட்சைப் போடுவாளா? தலையைக் குனிந்துகொண்டு ‘மறந்துட்டேன்’ என்றாள். அடுத்த மாதமும் கல். அதற்கடுத்த மாதமும் கல். இருபத்தெட்டு வருஷம் கல்லோடு சேர்த்துத்தான் இட்டிலி தின்றேன்.

ஆயுத பூஜை அன்று மில்லுக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போகலாம். பூஜை முடிந்ததும் ஒரு வரிசை மிஷினை மட்டும் ஓட்டிக் காட்டுவார்கள். எல்லாப் பெண்களும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். இவள் மட்டும் உள்ளேயே நின்றாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மிஷினைப் பார்த்தபடி, வெகுநேரம் நின்றாள். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்:

‘அங்க ஒருத்தர் கத்துனா இன்னொருத்தருக்குக் கேக்காதுல்ல?’

கேட்காது என்றேன். எனக்கும் அங்கே ஒரு வேலை வாங்கித் தருவீர்களா என்றாள். பெண்களையும் எடுத்துக்கொண்டிருந்த நேரம்தான். நான் சம்மதிக்கவில்லை. பஞ்சுத் தூசியில் நின்று நெஞ்சைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், நான் இருக்கும்போது உனக்கு என்ன தலையெழுத்து என்றேன். அவளுக்கு நல்லதுதானே நினைத்தேன்? நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாயிரத்து இருபது மாசிக் கடைசியில் ரிட்டயர் ஆனேன். மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். பங்குனியில் ஊரடங்கு வந்துவிட்டது. இரண்டு அறை, ஒரு அடுப்படி, அந்தச் சின்ன அறை. அதற்குள் நானும் அவளும். தெருமுனையில் போலீஸ் லத்தியோடு நின்றது. இத்தனை வருஷம் ஷிஃப்ட் ஷிஃப்டாக அவளைத் தனியே விட்டாயிற்று, இனிமேல் ஒரு நிமிஷமும் விடக்கூடாது என்று முடிவு பண்ணினேன். சொன்ன மாதிரியே செய்தேன். அவள் காய் நறுக்கினால் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பேன். துணி காயப்போட மாடிக்குப் போனால் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். கிரைண்டரையும் நானே எடுத்துக்கொண்டேன்.

‘நீ உக்காரு சீனி, இத்தனை வருஷம் ஆட்டினது போதும்’ என்றேன்.

‘வேண்டாங்க, அதை மட்டும் நான் பாத்துக்கிறேன்’ என்றாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம். நான் விடவில்லை. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, அளந்து அரிசி போட்டு, நானே ஆட்டினேன். நான் ஆட்டிய மாவில் ஒரு பொடிக் கல் கிடையாது தம்பி. அதை அவளிடம் சொல்லியும் காட்டினேன்.

அந்த நாட்களில் அவள் ஆள் மாறிக்கொண்டே வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பாள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் வேர்க்கும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அரைமணி நேரம் இருப்பாள். தண்ணீர் வீணாகிறது என்று நான் கதவைத் தட்டுவேன். ஒரு நாள் காப்பி டம்ளர் அவள் கையில் இருந்து பறந்து எதிர்ச் சுவரில் போய் விழுந்தது. வழுக்கிவிட்டது என்றாள். வழுக்கின டம்ளர் கீழேதானே விழும்? வயதாகிவிட்டது, நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து, தினமும் சாயங்காலம் நல்லெண்ணெயைக் காய்ச்சித் தோளிலும் கழுத்திலும் நானே தேய்த்துவிட்டேன். தோள் கருங்கல் மாதிரி இருந்தது. கை வைத்தால் உள்ளே ஏதோ ஓடுகிற மாதிரி ஒரு நடுக்கம். அந்த மிஷின் நடுக்கம் எனக்கு நன்றாகத் தெரியும், பெல்ட்டை மாட்டி பிரேக்கையும் போட்டுவைத்தால் அப்படித்தான் நடுங்கும். அது தெரிந்தும் நான் எண்ணெயைத்தான் தேய்த்தேன்.

அப்போது ஒரு நாள் மகள் போனில் கேட்டாள். ‘அப்பா, தினமும் ஒரு மணி நேரம் எங்கயாவது வெளிய போயிட்டு வாங்களேன்.’ வெளியே போலீஸ் அடிக்கிறான் என்றேன். ‘மாடிக்காவது போங்க. அம்மா கொஞ்சம் தனியா இருக்கட்டும்.’ எதற்கு என்று கேட்டேன். அம்மாவை விட்டுவிட்டு மாடியில் போய் நான் என்ன காக்காயா ஓட்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீங்கள் யோசித்துப் பாருங்கள். புருஷன் ஒரு நிமிஷம் பிரியாமல் கூட இருக்கிறான், அதையும் ஒரு பிள்ளை குறை சொல்கிறது.

ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இருவருக்கும் கொரோனா சோதனை. அவளுக்கு இருக்கிறது என்று வந்தது, எனக்கு இல்லை. ஆம்புலன்ஸ் வந்தது. அந்தக் கண்ணாடியைத்தான் முதலிலேயே சொன்னேனே.

அன்று மத்தியானமே என் வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். பதினாலு நாள். நான் உள்ளே, அவள் அங்கே. பால் பாக்கெட்டைத் தகரத்துக்கு மேலே எட்டிக் கொடுப்பார்கள். வீடு என்றால் எத்தனை சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. படுக்கையில் இருந்து அடுப்படிக்கு ஒன்பது காலடி. அடுப்படியில் இருந்து வாசல் தகரத்துக்குப் பதினொன்று. திரும்பவும் பதினொன்று, ஒன்பது. பேச ஆள் இல்லை என்பதுகூட இல்லை, என்னை யாரும் பார்க்கவில்லை, அதுதான் என்னை வாட்டியது. ஆள் பார்க்காவிட்டால் மனுஷன் மனுஷனா?

போனில் கூப்பிடுவேன். பின்னால் ஒரே இரைச்சல். இருமல், கட்டில் இழுக்கிற சத்தம், யாரோ வீட்டுக்குப் பேசுகிற சத்தம். அவள் குரல் மட்டும் தெளிவாக இருந்தது. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்பாள். ஒரு தடவை நான் ஏதோ சொல்லும்போது சிரித்தாள்கூட. மருந்துக் கிறுகிறுப்பு என்று நினைத்தேன்.

பதினாலாம் நாள் தகரத்தைப் பிரித்தார்கள். அன்றே யூனியன் ஆள் ஒருவரைப் பிடித்து, கூட இருந்து பார்த்துக்கொள்ள அனுமதி வாங்கினேன். கிடைக்காத அனுமதி, தம்பி. காலில் விழாத குறை. சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன். ‘நாளைக் காலையில வந்திர்றேன் சீனி. இனி உன் கட்டிலைவிட்டு நகரமாட்டேன்’ என்றேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

‘சரி, வாங்க’ என்றாள்.

விடியற்காலை ஐந்தரைக்கு அங்கிருந்து போன். மூச்சு சரியாகத்தான் இருந்ததாம். இருதயம் நின்றுவிட்டதாம். முகத்தைக் காட்டவில்லை. நான் வரப்போகிறேன் என்கிற நிம்மதியில் போயிருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு அம்மா வீட்டுக்கு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பூ கட்டி விற்கிறவராம். அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தாராம். அவள் சீப்பையும் டம்ளரையும் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்தார். காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் சொன்னார், முதல் நாள் அக்காவைப் பார்த்து நாங்கள் பயந்துவிட்டோம், கழுத்தை வெட்டி வெட்டி, கையை உதறி, குருவி மாதிரி சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார், நர்ஸ் ஓடி வந்தார், ‘இது எனக்குப் பழக்கம்மா, ஒண்ணும் பண்ணாது, நீங்க வேலையைப் பாருங்க’ என்று அக்காவே சொன்னார், அப்புறம் எங்களுக்கும் பழகிவிட்டது என்றார். அவள் எல்லோரோடும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாளாம். பாட்டுக்கூடப் பாடினாளாம். சீனித்தாய், பாட்டு. கடைசி நாள் என் போன் வந்ததற்குப் பிறகு இந்த அம்மாவிடம் சொன்னாளாம்: ‘நாளைக்கு எங்க வீட்டுக்காரர் வர்றாரு. இனி என் சத்தம் இருக்காது. நீங்க நிம்மதியாத் தூங்கலாம்.’

பார்த்தீர்களா? நான் இல்லாததால்தான் திரும்பி வந்திருக்கிறது. நான் போயிருந்தால் நின்றிருக்கும். அவளே சொல்லியிருக்கிறாள்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை வரை.

ரூம் விஷயம் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் பிள்ளைக்கு வந்திருப்பதுதானே உன் அம்மாவுக்கும் இருந்தது, மூன்றாம் மாதமே நின்றுபோகவில்லையா, ஒரு வார்த்தை திட்டாமல் நிறுத்தினேனே, எனக்கா பிள்ளை பார்க்கத் தெரியாது என்றேன். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

‘அம்மாவுக்கு நின்னுருச்சுன்னு சொல்றீங்களே. கிரைண்டர் எதுக்குன்னு நெனைச்சீங்க?’

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியது காவலுக்காம். அப்பா வந்தாச்சு என்று கத்தியது எச்சரிக்கையாம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஐந்து வயதிலேயே அம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாளாம். கடைசியில் நான் அந்த ஆம்புலன்ஸைச் சொன்னேன். என்னை விட்டுப் போக மனசில்லாமல் தலையை ஆட்டிக்கொண்டே போனாளே, அது பொய்யா என்று கேட்டேன்.

‘அது உங்களுக்காக இல்லப்பா’ என்றாள். ‘கதவு மூடிருச்சு. அதான்.’

எனக்கு ஒன்று புரியவில்லை, தம்பி. நான் என்ன புலியா? ஒரு தடவை விளையாட்டாகச் செய்து காட்டியதற்கு ஒருத்தி முப்பத்தாறு வருஷம் அடக்குவாளா? ‘எனக்கு இப்படி வருகிறது, நீங்கள் கொஞ்சம் பார்க்காமல் இருங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்? சொல்லியிருக்கலாமே. ராத்திரியும் பகலும் இதையேதான் சுற்றிச் சுற்றி நினைக்கிறேன். படுக்கையில் இருந்து அடுப்படி, அடுப்படியில் இருந்து வாசல். தகரத்தைப் பிரித்துவிட்டார்கள், ஆனால் நான் இன்னும் உள்ளேதான் கிடக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? பேத்தி என் முன்னால் எப்படி இருப்பாள் என்றா?

அவள் என் முன்னால் நன்றாகத்தான் இருப்பாள். பொங்கலுக்குப் போயிருந்தேன். முதல் நாள் சாப்பிடும்போது கழுத்தை வெட்டினாள். பாட்டியே திரும்பி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. அந்தச் சந்தோஷத்தில்தான் நானும், விளையாட்டுக்குத்தான், அவளைப் பார்த்துக் கழுத்தை வெட்டி ‘ங்க்’ என்றேன். அவளும் சிரித்தாள். கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு நான் இருந்த இரண்டு நாளும் அவளுக்கு ஒன்றுமே வரவில்லை. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, சோபாவில், இமைகூட ஆடாமல்…

குளியலறைக்குப் போனால் வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வீணாகிறது என்று நான்தான் கதவைத் தட்டினேன்.

இது எந்த ஊர்? தாராபுரமா. பத்து நிமிஷம் நிற்பானா? பெட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி, இதோ வந்துவிடுகிறேன்.

உங்களுக்கும் ஒரு டீ வாங்கினேன், சூடாக இருக்கிறது, பார்த்துக் குடியுங்கள். மகளுக்குப் போன் பண்ணினேன். அந்த ரூம் சாவியை வாங்கி வை என்றேன். நிசமாகவாப்பா என்றாள். ஆமாம் என்றேன். சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வரும்போது முக்கில் இருந்தே போன் பண்ணிவிட்டு வருகிறேன், வராதே என்றால் திரும்பிப் போய்விடுகிறேன் என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. இவளும் அம்மாவைப் போலத்தான், பேசாமல் இருந்துதான் பேசுவாள். பிறகு ‘அந்த ரூம்ல ஃபேன் மாட்டணும்பா’ என்றாள்.

இன்னொன்று இருக்கிறது. மகளிடம்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை கிரைண்டரை எடுத்துப்போக ஆள் வந்தான். அந்தச் சின்ன அறைச் சுவரில் ஒரு காலண்டர் எப்போதும் தொங்கும். வருஷா வருஷம் சீனித்தாய்தான் மாற்றுவாள். இருட்டு அறையில் யார் தேதி பார்க்கப்போகிறார்கள், அதுவும் இவ்வளவு தாழ்வாக யாராவது மாட்டுவார்களா என்று நான் கேலி பண்ணுவேன். அவள் இறந்துபோன வருஷத்துக் காலண்டர்தான் இன்னும் கிடந்தது. கிரைண்டரை நகர்த்தும்போது அது இடித்துக் கீழே விழுந்தது. பின்னால் சுவரில் ஒரு பள்ளம். காரை பெயர்ந்து, செங்கல் தெரிந்து, அந்தச் செங்கலும் தேய்ந்து வழுவழுவென்று குழிந்திருந்தது. ஒரு சின்னக் கிண்ணம் அளவு. எலி பறித்திருக்கும் என்றான் வந்தவன்.

அவன் போன பிறகு நான் அங்கே போய் நின்றேன், ஸ்விட்ச் பக்கம் பார்த்து, அவள் நிற்கிற மாதிரி. வலது முழங்கையை மடக்கிப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். எனக்குப் பொருந்தவில்லை. பள்ளம் என் முழங்கைக்கு மூன்று விரற்கடை கீழே இருக்கிறது.